முக்கோணத்தைக் கழற்றிய முனிவேல்

கெலமங்கலம் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்தி எடுத்த படம் ஒன்று இருக்கிறது. கடைசி வரிசையில் ஒரு பையனுக்கு மட்டும் முகம் இல்லை. சட்டைக் காலருக்கு மேல் புகை கலைந்தது போல ஏதோ தெரியும். அதுதான் முனிவேல். அசையாதே என்று போட்டோக்காரர் சொன்ன அந்த ஒரு நொடியில் பக்கத்துப் பையன் காதுக்குள் எறும்பு போகிறதா என்று திரும்பிப் பார்த்தானாம். அதற்கப்புறமும் அவன் எங்கேயும் நிலையாக நின்றதில்லை. சாப்பிட உட்கார்ந்தால் இலையைச் சுற்றி வருவான், பந்தியில் ஆரம்பித்த இடம் ஒன்று, கை கழுவ எழுந்த இடம் ஒன்று என்று அவன் மனைவி நாராயணம்மா சொல்லுவாள். அதில் கொஞ்சம் உப்பு கூடுதல்தான். ஆனால் அவன் உட்கார்ந்த பெஞ்சில் பெயிண்ட் நிற்காது என்பதற்கு நான் சாட்சி.

ஓசூரில் தொழிற்பேட்டை வந்ததும் அக்கம்பக்கத்து ஊர்ப் பையன்களெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். முனிவேலும் போனான். போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷின் முன்னால் நிற்கிற வேலை. காலால் மிதித்தால் மேலிருந்து இறங்கி ஒரு அடி. மறுபடி மிதி, மறுபடி அடி. அவன் நிற்காமல் அங்கேயும் இங்கேயும் போய்ப் போய் வந்ததில் சூப்பர்வைசருக்குப் பொறுமை போய், சாக்பீஸால் அவனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டார். ஷிப்ட் முடிகிற வரைக்கும் அதற்குள் நிற்க வேண்டும். சில வருஷம் நின்றான். பிறகு ஒரு நாள் வட்டத்தின் மேலேயே செருப்பைத் தேய்த்து அழித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

"இனிமே நான் ஓட்டிக்கினு இருக்கப் போறன். நிக்கப் போறதில்ல" என்றான் நாராயணம்மாவிடம்.

சொன்ன கையோடு ஓசூர் காண்ட்ராக்டர் ஒருவரிடமிருந்து பழைய பியட் கார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து புளியமரத்தடியில் நிறுத்தினான். வாடகைக்கு ஓட்டுவது திட்டம். வண்டி நல்ல வண்டி. அதன் மூஞ்சியில்தான் வினை இருந்தது. முன்பக்கம் காற்றுப் போகிற கம்பி வலை இருக்கிறதே, கிரில் என்பார்கள், அதன் நடுவில் கம்பெனி மோனோகிராம் இருக்க வேண்டிய இடத்தில், தகரத்தில் வெட்டிய சிவப்பு முக்கோணம் ஒன்றை ரிவிட் அடித்துப் பதித்திருந்தார்கள். தலைகீழ் முக்கோணம். எழுபத்தெட்டாம் வருஷம் தொடங்கிய நேரத்தில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எந்தச் சுவரைப் பார்த்தாலும் அதுதான் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களுக்கு ஆண்களைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போக வாடகைக்கு ஓடிய வண்டி அது.

முனிவேல் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் சவாரி தேடி அஞ்செட்டிப் பக்கம் மலையேறி நாட்றாம்பாளையம் போனான். ஊர் முனையில் வண்டி திரும்பியதுதான் தாமதம், களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்த ஆண்கள் ஒருவரும் இல்லை. தடி மட்டும் தரையில் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது. சோளக்கொல்லை நடுவில் காற்றில்லாமல் தட்டைகள் அசைந்தன. மாட்டுத் தொட்டியோரம் ஒரு கிழவர் மட்டும் எழுந்து ஓட முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பேடப்பா, பேடா, வேணாம். எனக்கு எழுபது ஆச்சி. அதெல்லாம் அதுவாவே நின்னுபோச்சி சாமி."

"தாத்தா, நான் டாக்சிக்காரன். தேன்கனிக்கோட்டை போறவங்க யாராச்சும் இருந்தா கூப்புடு."

"அப்பிடித்தான் போன தடவையும் சொன்னாங்க" என்றார் கிழவர்.

எந்த ஊருக்குப் போனாலும் இதே கதை. முகாம் எல்லாம் முடிந்து வருஷம் திரும்பியிருந்தாலும் பயம் முடியவில்லை. ஒரு மலையோர ஊரில் சேவல்கூட ஓலைக்கூரையில் ஏறிக்கொண்டது என்று முனிவேலே சொல்லியிருக்கிறான். சவாரி இல்லை. சவாரி இல்லாததால் பெட்ரோல் இல்லை. வண்டி புளியமரத்தடியிலேயே நின்றது; முனிவேல் அதைச் சுற்றி நடந்தான். போல்ட் கம்பெனியிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: தை முடிவதற்குள் வந்தால் இடம் இருக்கிறது.

அந்தத் தையில்தான் நாராயணம்மாவின் தங்கை சாந்தம்மாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராயக்கோட்டை, தக்காளி மண்டி வைத்திருக்கிற வீடு. கெலமங்கலத்திலிருந்து பெண்ணை அழைத்துப் போக முனிவேலின் கார் என்று வாக்காகியிருந்தது. முனிவேலின் கணக்கு எளியது. மணப்பெண் ஒருத்தி மாலையும் கழுத்துமாக அந்த வண்டியில் ஏறி இறங்குவதை நாலு ஊர் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். அப்புறம் எல்லாரும் ஏறுவார்கள். ஏறாவிட்டால் சாக்பீஸ் வட்டம்.

மாப்பிள்ளையின் அம்மா சென்னம்மாவுக்கு விஷயம் எட்டியது. ராயக்கோட்டை மண்டியில் அவள் விலை சொன்னால் தக்காளியே வாயை மூடிக்கொள்ளும் என்பார்கள். ஆள் அனுப்பிச் சொன்னாள்: "பொறக்க வேணாம்னு போர்டு மாட்டின வண்டியில என் மருமகளை ஏத்தினா, அந்த வண்டியிலயே அவளைத் திருப்பி அனுப்புவன்."

கேட்டதும் முனிவேல் உளியையும் சுத்தியையும் எடுத்தான்.

ரிவிட் தலைகளை உளியால் வெட்டி முக்கோணத்தை நெம்பி எடுத்தான். தகரம் விழுந்தது, முக்கோணம் போகவில்லை. கிரிலுக்கு எப்போதோ சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். வெயிலிலும் புழுதியிலும் அது வெளுத்துச் சொறி பிடித்திருக்க, தகரம் மூடியிருந்த இடம் மட்டும் அடித்த அன்றைக்கு இருந்த மாதிரி பளபளவென்று முக்கோணமாக நின்றது. போதாததற்கு அதன் மூலைகளில் ரிவிட் ஓட்டைகள்.

சாந்தம்மா வந்து பார்த்தாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், வாய் கொஞ்சம் நீளம்.

"மாமா, முன்னாடி போர்டு மாதிரி இருந்துச்சி. இப்ப நெத்திக்கண்ணு மாதிரி மொறைக்குது."

"முழுசும் அடிச்சிட்டா சரியாப் போவும்."

"பெயிண்டர்கிட்ட குடுங்க மாமா."

கிரிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஓசூர்ப் பெயிண்டரிடம் போகாமல் இல்லை. அவர் கிரிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், பட்டி வெச்சி ஓட்டையை அடைக்கணும், பிரைமர் அடிச்சிக் காய வெக்கணும், அப்புறம்தான் கலர். ஒரு வாரம் ஆவும்" என்றார். ஒரு வாரம் என்ற வார்த்தை முனிவேலின் காதில் சாக்பீஸ் கீறுகிற சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். கிரிலைப் பிடுங்கிக்கொண்டு, வழியில் கறுப்புப் பெயிண்ட்டும் தின்னரும் வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டான்.

தேய்த்தான். முட்டி தோல் போகத் தேய்த்தான். ஓட்டைகளில் பட்டி வைத்தான்; அது காய்ந்ததா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் பட்டி முழுக்க விரலோடு வந்துவிட்டது. மறுபடி வைத்தான். பிரைமர் பிசுபிசுப்பு அடங்கும் முன்னே கறுப்பு அடிக்கத் தொடங்கினான். பெயிண்ட் அடிக்கிற கன் அவனிடம் இல்லை. வீட்டில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிற கைப்பம்பு இருந்தது. முன்னால் டப்பா, பின்னால் இழுத்துத் தள்ளுகிற பிடி. டப்பாவில் பெயிண்ட்டை ஊற்றி அடித்தால் நன்றாகவே பூப்போல விழுந்தது.

விழுந்த பெயிண்ட் காயவில்லை. தை மாத ஓசூர்ப் பனி என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். காலையில் தொடங்கி நடுப்பகல் வரைக்கும் மரத்துக்கு மரம் தெரியாது. சாயங்காலம் நாலுக்கெல்லாம் திரும்ப வந்துவிடும். பனியில் அந்தப் பெயிண்ட் மோர் ஊற்றினது போல வெளிறிப்போனது. முனிவேல் அதைச் சுரண்டி எடுத்து மறுபடி அடித்தான். மறுபடி மோர். கிரிலைக் கையில் தூக்கிக்கொண்டு வெயில் எங்கே விழுகிறது என்று ஊரெல்லாம் அலைந்தான். கோயில் மதில்மேல் கொஞ்ச நேரம், ரைஸ்மில் தகரத்தின் மேல் கொஞ்ச நேரம். வெயில் அவனைவிட வேகமாக இடம் மாறிக்கொண்டிருந்தது.

ஊரில் பனி நுழையாத, கதகதப்பான இடம் ஒன்றே ஒன்றுதான். அவன் வீட்டுப் புழுக் கொட்டகை.

நாராயணம்மா பட்டுப்புழு வளர்ப்பவள். பின்கட்டு மல்பெரித் தோட்டத்தை ஒட்டிய அறை. சன்னலுக்கெல்லாம் காகிதம் ஒட்டி, நடுவில் கரியடுப்பு வைத்து, மூங்கில் தாங்கிகளில் அடுக்கடுக்காகத் தட்டு. புழு வளர்க்கிற வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பீடி குடித்தவன் உள்ளே போகக் கூடாது. பூ வைத்தவள் போகக் கூடாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த அன்று நாராயணம்மாவே முக்காடு போட்டுக்கொண்டுதான் போவாள். புழுவுக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று யாரும் பார்த்ததில்லை. ஆனால் நம்மைவிட நல்ல மூக்கு. அந்த வாரம் புழுக்கள் பெருந்தீனி தின்று பழுக்கப் போகிற பருவம். ஓரிரு நாளில் கூடு கட்டும்.

முனிவேல் கிரிலை மோந்து பார்த்தான். வாசனையே இல்லை. எப்படி இருக்கும்? ஒரு வாரமாகத் தின்னரிலேயே முங்கிக் கிடந்ததில் அவன் மூக்கு செத்துப்போயிருந்தது. நாராயணம்மா இலை பறிக்கப் போன நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் போய், மூலையில் உத்தரத்திலிருந்து கயிறு கட்டிக் கிரிலைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

பழுக்கப் போகிற புழு தின்கிற சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். கூரையில் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். பேச்சுக் குரல்கூட அதற்குள் அமுங்கும். இலைக் கூடையோடு கதவைத் திறந்த நாராயணம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். தூறல் நின்றிருந்தது. தட்டு தட்டாகப் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு, போட்ட இலையைத் தொடாமல், இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தன. மூலைத் தட்டில் ஆட்டமும் இல்லை.

அவள் கத்தவில்லை. கிரிலைக் கழற்றி வெளியே கொண்டுவந்து போட்டாள். மூக்கில் முந்தானையை வைத்துக் குனிந்து மோந்தாள்.

"இது பெயிண்ட் வாசனை மட்டும் இல்ல. எதுல அடிச்ச?"

"பம்புல."

"எந்தப் பம்பு?"

முனிவேல் கைப்பம்பைக் காலால் பின்னுக்குத் தள்ளினான். மூட்டைப்பூச்சிக்குக் கலந்த மருந்து டப்பாவின் அடியில் மிச்சம் இருந்திருக்கிறது. பூச்சி மருந்தைக் கொண்டுபோய்ப் பூச்சி வளர்க்கிற அறையில் தொங்கவிட்டிருக்கிறான்.

"இத்தனை நாள் நான் தூங்காம பார்த்தது. உன் கால் ஒரு எடத்துல நிக்காதுன்னு தெரியும். புத்தியும் நிக்காதா?" என்றாள் நாராயணம்மா. அவ்வளவுதான் சொன்னாள்.

செத்த தட்டை மண்ணில் புதைத்தாள். மீதியைக் காப்பாற்ற மருந்து வாடையில்லாத அடைத்த இடம் வேண்டும். வீட்டுக்குள் விறகுப் புகை, மாட்டுக் கொட்டகையில் மூத்திர நெடி. அவள் கண் புளியமரத்தடிக்குப் போனது. வாரக்கணக்கில் சொட்டுப் பெட்ரோல் காணாத வண்டி. கல்யாணத்துக்கென்று உள்ளே தானே கழுவித் துடைத்து வைத்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் பனி நுழையாது.

முனிவேல் தடுக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

பின்சீட்டின் குறுக்கே தட்டுகள். முன்சீட்டில், புழு கூடு கட்டுவதற்கென்று மூங்கிலில் சுருள் சுருளாகப் பின்னிய சந்திரிகைகள். அவற்றைச் சாய்த்து வைத்துப் பழுத்த புழுக்களைப் பொறுக்கிப் பொறுக்கி விட்டார்கள். நல்ல காற்றுப் பட்டதும் அவை தெளிந்தன. அன்றைக்கே கட்டத் தொடங்கிவிட்டன. சந்திரிகைக்கு அடங்காதவை ஸ்டியரிங்கில் ஏறின, கியர்க் கம்பியில் ஏறின, கூரைத் துணியின் மடிப்பில் இடம் பிடித்தன. ஒன்று ஹாரன் பொத்தான் மேல் மஞ்சளாக ஒரு கூடு கட்டி முடித்தது என்பார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆனால் நம்புகிறேன்.

கூடு கட்டுகிற புழுவை அசைக்கக் கூடாது. அசைந்தால் நூல் அறும். "கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் கூடு பறிக்க முடியும். அது வரைக்கும் யாராச்சும் வண்டியைத் தொட்டாங்க, நான் மனுஷியா இருக்க மாட்டன்" என்றாள் நாராயணம்மா. யாராச்சும் என்றது ஒரே ஆளைத்தான்.

தன் வண்டியையே தொட முடியாமல் முனிவேல் என்ன செய்வான்? கிரிலைக் கழுவி, மருந்து வாடை போகச் சுரண்டி, இந்தத் தடவை பிரஷ்ஷால் கறுப்பு அடித்து, அதைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினான். ஓசூரில் ஸ்வெட்டர் போட்டவன் சூளகிரி தாண்டி இறங்கினால் சட்டைப் பொத்தானைக் கழற்றுவான். கிருஷ்ணகிரியில் வெயிலுக்குப் பஞ்சமே கிடையாது.

கண்டக்டர் சாக்கை விலக்கிப் பார்த்தார். "என்னாப்பா இது? லக்கேஜா?"

"கார் மூஞ்சி."

"கார் எங்க?"

"அது வூட்ல இருக்குது. மூஞ்சி மட்டும் வெயில் காயப் போவுது."

"உடம்புக்கு என்னா?"

"முழுகாம இருக்குது" என்றான் முனிவேல். பஸ் முழுக்கச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

அவன் கிருஷ்ணகிரி போயிருந்த அன்றைக்கே சென்னம்மா கெலமங்கலம் வந்து இறங்கினாள். முக்கோணம் போய்விட்டது என்று தகவல் போயிருந்தது. கண்ணால் பார்க்காமல் அவள் எதையும் வாங்குகிறவள் இல்லை. நேரே புளியமரத்தடிக்குப் போனாள். கிரில் இல்லாமல் வண்டி பல் விழுந்த வாயோடு நின்றது. பக்கத்தில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்த சாந்தம்மா எழுந்து நின்றாள்.

"இதுவா வண்டி? மூஞ்சியக் காணோம்?"

"மூஞ்சி கிருஷ்ணகிரிக்குப் போயிருக்குது அத்தை" என்றாள் சாந்தம்மா. மணப்பெண் மாதிரியாகவா பேசினாள் என்று பிறகு எல்லாரும் திட்டினார்கள்.

சென்னம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள். தட்டக் கையெடுத்தாள்.

"தட்டாதீங்க அத்தை. கட்டிக்கினு இருக்குது."

சென்னம்மாவின் கை நின்றது. உள்ளே சீட்டு, கூரை, ஸ்டியரிங் எங்கும் மஞ்சள் மஞ்சளாகக் கூடுகள். பாதி கட்டின ஒன்றில், மெல்லிய நூலுக்குப் பின்னால் புழு தலையை எட்டு மாதிரி வளைத்து வளைத்து நெய்துகொண்டிருந்தது. அது முழுக்க மறைகிற வரைக்கும் அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. மண்டியில் அவளுக்காக லாரி காத்துக்கொண்டிருந்தது என்று கூட வந்தவன் ரெண்டு தடவை சொன்னான்.

திரும்பியபோது நாராயணம்மா மோர்ச் சொம்போடு நின்றாள். பயம்தான்.

"பொறக்கவே கூடாதுன்னு ஓடின வண்டி" என்றாள் சென்னம்மா மோரை வாங்கிக்கொண்டு. "உள்ள ஆயிரம் தொட்டில் கட்டி வெச்சிருக்கீங்க. சரி. பொண்ணு இதுலயே வரட்டும். ஆனா ஒரு புழு என் வாசல்ல எறங்கக் கூடாது. மருமக ஒருத்திதான் எறங்கணும்."

முனிவேல் ராத்திரி வந்து கேட்டதும் அந்தத் தெருவை மூன்று தரம் நடந்தான்.

முந்தின நாள் கூடு பறித்தார்கள். காய்ந்த கிரிலைப் பூட்டினார்கள். கறுப்பு, கண்ணாடி போலக் கறுப்பு. முக்கோணம் இருந்த சுவடு தேடினாலும் கிடைக்காது. அன்று சாயங்காலம் சாந்தம்மா மாலையும் கழுத்துமாக ஏறினாள். கெலமங்கலம் தெரு இருபுறமும் நின்று பார்த்தது. யாரும் ஓடவில்லை. ராயக்கோட்டை வரைக்கும் வழியில் நின்றவர்களெல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். கூரைத் துணியில் ஒட்டியிருந்த பட்டுப் பிசிர் பறந்து பெண்ணின் கொண்டையில் விழுந்து மின்னியது. ஜரிகை வைத்த பூ என்று ராயக்கோட்டைப் பெண்கள் நினைத்துக்கொண்டார்கள்.

வாசலில் வண்டி நின்றது. சென்னம்மா ஆரத்தி சுற்றினாள். போட்டோக்காரர், மாமியாரும் மருமகளும் காரோடு ஒரு படம் என்றார். பச்சைப் பட்டு கட்டியிருந்த சென்னம்மா காரின் முன்னால் போய் நின்று, காலையிலிருந்து ஓடின களைப்பில் கிரிலில் இடுப்பைச் சாய்த்தாள்.

முனிவேல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் போட்டோக்காரர், அசையாதீங்க என்றார்.

படம் எடுத்து முடிந்து அவள் நகர்ந்தபோது சேலை கொஞ்சம் தயங்கித்தான் வந்தது. பின்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்தினார்கள். சென்னம்மா சேலையின் பின்பக்கத்தை முன்னால் இழுத்துப் பார்த்தாள். பச்சைப் பட்டில் கறுப்புக் கோடுகள், ஒன்றன் கீழ் ஒன்றாக, அளவெடுத்துப் போட்டது மாதிரி.

"எப்படா அடிச்ச?"

"கெளம்பறதுக்கு முன்ன, அத்தை. ஒரு எடத்துல மங்கலா ஒரு புள்ளி தெரிஞ்சிச்சி. அதுக்கு மட்டும்னு ஆரம்பிச்சன்."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். நாராயணம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெண்ணைத் திருப்பி அனுப்புவேன் என்று சொன்னவள் இவள். சொன்னதைச் செய்கிறவளும் கூட.

சென்னம்மா கோடுகளை விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள். அந்த விரலை முனிவேலின் வெள்ளைச் சட்டையில் அழுத்தித் துடைத்தாள்.

"இந்தக் கறை போற வரைக்கும் சந்தைக்குச் சந்தை என்னைக் கெலமங்கலம் கூட்டிக்கினு போய்க் கொண்டாந்து உடணும். வாடகை கேக்கக் கூடாது."

"சரி அத்தை" என்றான் முனிவேல். அவன் கால் அப்போதே வண்டிப் பக்கம் திரும்பியிருந்தது.

அந்தப் பெயிண்ட் பட்டுத்துணியை விட்டுப் போகிற ஜாதி இல்லை. சந்தைக்குச் சந்தை சென்னம்மா அதே சேலையைக் கட்டிக்கொண்டு, சாட்சிக்காக, முன்சீட்டில் உட்கார்ந்து போய் வந்தாள். அவளே ஏறுகிற வண்டி என்றானதும் பிரசவத்துக்கு, காதுகுத்துக்கு, பெண் பார்க்க என்று மற்றவர்களும் ஏறினார்கள். போல்ட் கம்பெனிக்காரர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். கிரிலுக்கு மட்டும் வருஷத்துக்கு நாலு தரம் கலர் மாறும்.

பல வருஷம் கழித்து அந்தக் கறை ஒரு கோடியில் மங்குவது போலத் தெரிந்தது. அடுத்த சந்தைக்குள் யாரோ அதன் மேல் புதிதாக ஒரு கோடு இழுத்திருந்தார்கள். முனிவேலின் வேலை என்று சென்னம்மா சொன்னாள். சென்னம்மாதான் என்று முனிவேல் சொன்னான்.